தகவல் திரட்டப்பட்டு வருகிறது

மார்ச் 4

நான் அந்த ஒப்பந்தத்துக்குக் கை தூக்கவில்லை.

இதை முதலில் எழுதி வைக்கிறேன். மக்களவையில் சட்டத்துக்கு யாரும் கை தூக்குவதில்லை. சபாநாயகர் கேட்கும்போது ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ குரல் கொடுப்பார்கள்; தகராறு வந்தால் பொத்தானை அமுக்குவார்கள். நான் குரலும் கொடுக்கவில்லை, பொத்தானையும் அமுக்கவில்லை. அந்த ஒப்பந்தம் அவைக்கு வரவே இல்லை.

வீட்டு வேலைக்கு வரும் ராக்கு காலையில் பாத்திரம் விளக்கிக்கொண்டே சொன்னாள்.

“பால் டெப்போல பேசிக்கிறாய்ங்கம்மா. எம்.பி. அம்மா அன்னைக்கு டில்லியில கையத் தூக்கிட்டாங்க, அதான் இன்னைக்குக் கலர் கம்பெனிக்காரன ஒண்ணும் புடுங்க முடியலன்னு.”

“வார்த்தையை அளந்து பேசு.”

“நானாம்மா பேசுறேன்? அவிங்க பேசுறதச் சொல்றேன்.”

“எவங்க?”

“ஊரேதான்.”

ஊர் என்று ஓர் ஆள் கிடையாது. யாரோ ஒருவர்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். ஜனவரியில் நெடுங்கண்மாய் நகராட்சி ஒரு தீர்மானம் போட்டது. துணிக்குச் சாயம் போடும் கலர் கம்பெனி பெரிய கண்மாயிலிருந்து தண்ணீர் எடுக்கக் கூடாது, சாயக் கழிவை அதில் விடக் கூடாது என்று. கம்பெனிக் குழாய்க்குப் பூட்டுப் போட்டார்கள். நகராட்சித் தலைவன் என் கொழுந்தனார் மகன் செழியன். பூட்டுப் போட்ட அன்று ஊரே அவனுக்கு மாலை போட்டது.

கம்பெனியின் முதலாளிகள் ஐரோப்பாவில் ஒரு சிறிய நாட்டில் இருக்கிறார்கள். அந்த நாட்டுக்கும் நம் நாட்டுக்கும் இடையே முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்று உண்டு. அதன்படி அவர்கள் நம்முடைய கோர்ட்டுப் படி ஏற வேண்டியதில்லை. வெளிநாட்டில் மூன்று நடுவர்கள் முன்னால் இந்திய அரசின் மீதே வழக்குப் போட்டு நஷ்டஈடு கேட்கலாம். கேட்கப்போகிறோம் என்று டில்லிக்கு நோட்டீஸ் அனுப்பிவிட்டார்கள். டில்லி சென்னைக்கு எழுதியது, சென்னை கலெக்டருக்கு எழுதியது, கலெக்டர் செழியனைக் கூப்பிட்டுப் பேசினார். இப்போது பூட்டைத் திறக்க வேண்டுமாம்.

அந்த ஒப்பந்தம் கையெழுத்தானபோது இந்தத் தொகுதியின் உறுப்பினராக இருந்தவள் நான். எனக்கும் அதற்கும் உள்ள சம்பந்தம் இவ்வளவுதான்.

ராக்கு என் வெள்ளைப் புடவைகளைக் கலர்த் துணியோடு ஊறவைத்திருக்கிறாள். இரண்டு புடவைகளில் தலைப்பு இளஞ்சிவப்பாகிவிட்டது. கேட்டால், “தனியாத்தாம்மா ஊறவச்சேன்” என்கிறாள். அவள் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. வயதானால் எல்லாம் வரும் போலிருக்கிறது.

மார்ச் 5

சோப்பை மாற்றச் சொன்னேன். மாடிப்படி பல்பு எரியவில்லை.

மார்ச் 8

பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ் ஒன்றை ராக்கு கிழித்துக்கொண்டு வந்தாள். என் கணவர் பெயரில் உள்ள பேருந்து நிலையம். ‘அன்று உயர்ந்தது கை! இன்று வறண்டது கண்மாய்!’ என்று கொட்டை எழுத்து. கீழே ‘இவண், பொதுமக்கள்’. நடுவில் என் படம். நாடாளுமன்றப் படிக்கட்டில் நான் வலது கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறேன்.

அது நம் மாவட்டத்திலிருந்து சுற்றுலா வந்திருந்த பள்ளிப் பெண்களைப் பார்த்து ஆட்டிய கை. வெயிலில் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒருத்திக்கு மூக்கில் ரத்தம் வந்து, நான்தான் என் கைக்குட்டையைக் கொடுத்தேன்.

அந்தப் படம் என் ஆல்பத்தில் மட்டுமே உண்டு. பொங்கலுக்கு முன்னால் செழியன் ஆல்பத்தை வாங்கிப்போனான். பெரியப்பா நினைவு மண்டபத்தில் சில படங்களைப் பெரிதாக்கி மாட்ட வேண்டும் என்றான். ஸ்டூடியோவில் எவனாவது திருடியிருப்பான். செழியனைக் கவனமாக இருக்கச் சொல்ல வேண்டும்.

மார்ச் 9

செழியன் வந்தான். கருப்பட்டி மிட்டாய் வாங்கி வந்திருந்தான். எனக்குச் சர்க்கரை என்பது அவனுக்குத் தெரியும். அவன் அம்மா இருந்தவரை அவள் நினைவுபடுத்துவாள்.

“நோட்டீஸ் பாத்தீங்களா பெரியம்மா? மனசுல வச்சுக்காதீங்க. எல்லாம் எதிர்க்கட்சிக்காரன் வேலை.”

“படம் எப்படி அவங்க கைக்குப் போச்சு?”

“ஃப்ரேம் போடக் குடுத்திருந்தேன்ல. கடையில எவனாச்சும் செல்போன்ல எடுத்திருப்பான்.”

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு கலெக்டர் சொன்னதைச் சொன்னான். “நகராட்சி போட்ட தீர்மானம் இந்தியா போட்ட தீர்மானமாம் பெரியம்மா. அந்த நடுவருங்க முன்னால கவுன்சிலர், கலெக்டர், பிரதமர் எல்லாம் ஒண்ணுதானாம். நாம பூட்டுப் போட்டா இந்தியாவே பூட்டுப் போட்ட மாதிரி.”

“ஒப்பந்தம் போடும்போது நகராட்சியைக் கேட்டாங்களா?”

“நல்லாக் கேட்டீங்க! மாநில அரசையே கேக்கலியாம்.”

கேட்கும்போது நாம் இந்தியா இல்லை. செய்தால் மட்டும் இந்தியா ஆகிவிடுகிறோம். இதை நான் சொன்னதும் செழியன் பெரிதாகச் சிரித்தான். மேடையில் சொல்லப்போகிறேன் என்றான். சொல்ல மாட்டான்.

மார்ச் 12

இன்று முழுவதும் டில்லியில் பேப்பர் படித்த அந்தக் காலை நேரம்தான் நினைவில்.

என் கணவர் உறுப்பினராக இருக்கும்போதே மாரடைப்பில் போனார். டில்லி வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்த அதே வாரம் கட்சிக்காரர்கள் இங்கே வந்தார்கள். இடைத்தேர்தலில் நான் நிற்க வேண்டும் என்றார்கள். இறந்தவரின் மனைவியை நிறுத்துவது எல்லாக் கட்சியிலும் உள்ள வழக்கம், அனுதாப ஓட்டு. ஜீப்பில் அவருடைய படத்துக்குப் பக்கத்தில் என்னை நிற்க வைத்தார்கள். “நீங்க பேச வேணாம்மா, கும்பிட்டாப் போதும்.” நான் பேசினேன். முழு வாக்கியங்களில் பேசினேன். முழு வாக்கியத்தில் பதில் சொல்லாத பிள்ளையைக் கான்வெண்ட் பள்ளியில் மதர் பெர்னதெத் பெஞ்சு மேல் நிற்க வைப்பார், அந்தப் பழக்கம். இரண்டாவது ஊரிலேயே ஒலிபெருக்கிச் சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள்.

ஜெயித்தேன். டில்லியில் சின்னதாக ஒரு குடியிருப்பு கொடுத்தார்கள். அங்கே ஒரு நாள் காபியோடு பேப்பர் படிக்கும்போது உள்பக்கத்தில் ஒரு துண்டுச் செய்தி. இன்ன நாட்டோடு முதலீட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. மந்திரிசபை ஏற்கெனவே ஒப்புதல் தந்திருந்தது. அப்போது கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது. முந்தின நாள் போலவே அன்றும் அவைக்குப் போனேன். அவையில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நூலகத்தில் போய் ஒப்பந்தத்தின் வாசகத்தைக் கேட்டேன். நூலகர் மரியாதையானவர். “வந்ததும் சொல்கிறேன் மேடம்” என்றார்.

வெளிநாட்டோடு ஒப்பந்தம் செய்வது அரசு நிர்வாகத்தின் அதிகாரம் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் எனக்கு விளக்கினார். மந்திரிசபை முடிவு செய்யும், அதிகாரிகள் பேசுவார்கள், யாராவது ஒருவர் கையெழுத்திடுவார். அதற்காக உள்நாட்டுச் சட்டத்தை மாற்ற வேண்டியிருந்தால் மட்டும் அவைக்கு வரும். இதற்கு எந்தச் சட்டத்தையும் மாற்ற வேண்டியதில்லை. ஆகவே வராது. “இதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா? தொகுதிக்கு ரயில் நிறுத்தம் கேளுங்க” என்றார்.

ரயில் நிறுத்தமும் கேட்டேன். கிடைத்தது. இப்போதும் நிற்கிறது.

ஆனால் ஒப்பந்தத்தைப் பற்றியும் கேட்டேன். எழுத்து மூலம் பதில் பெறும் கேள்வி. ஓர் உள்ளாட்சி தன் நீர்நிலையைக் காப்பாற்ற எடுக்கும் நடவடிக்கை இந்த ஒப்பந்தத்தை மீறியதாகக் கருதப்படுமா? அப்படியானால் அதன் விவரங்கள் யாவை? கலர் கம்பெனி அப்போது வரவில்லை. எனக்குச் சோதிடம் தெரியாது. கண்மாயை நம்பி இருக்கும் தொகுதி, அதனால் கேட்டேன்.

பதில் வந்தது. ‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் மேசை மீது வைக்கப்படும்.’

சில மாதங்களில் அவை கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தலில் கட்சி எனக்குச் சீட்டுத் தரவில்லை. அனுதாபம் தீர்ந்துவிட்டிருந்தது.

மார்ச் 13

அந்த ஒப்பந்தத்தைச் சில வருடங்களுக்கு முன்னால் டில்லியே ரத்து செய்துவிட்டதாம். ரத்து செய்யும்போதும் அவையைக் கேட்கவில்லை. ஆனால் முன்பே வந்த முதலீடுகளுக்கு மேலும் பதினைந்து வருடம் செல்லும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார்கள். செத்த பிறகும் அதிகாரம். என் கணவருக்கு அது கிடைக்கவில்லை.

மார்ச் 15

“உள்ள வரலாமாம்மா? தோத்தவன் வந்திருக்கேன்.”

அழகுமலை. இடைத்தேர்தலில் என்னை எதிர்த்து நின்றவர். இப்போது கண்மாய்ப் பாசன விவசாயிகள் சங்கத் தலைவர். வழுக்கை விழுந்தாலும் வாய் அப்படியே இருக்கிறது.

“காபி சாப்பிடுங்க” என்றேன்.

“இந்த வீட்டுத் தண்ணியிலயா? வேணாம்மா.”

“கேன் தண்ணி.”

“அப்பக் குடுங்க. எம்.பி. வீட்டுலயே கேன் தண்ணின்னா நாங்கல்லாம் எம்மாத்திரம்.”

கொடியில் என் புடவைகள் காய்ந்துகொண்டிருந்தன. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். “கம்பெனிக்காரன் நல்லவன்தாம்மா. ஊர்ல விதவைக்கெல்லாம் வெள்ளச் சேலைய மாத்திவிட்டுட்டான். எந்தச் சீர்திருத்தவாதி செஞ்சான் இத?”

அடுப்படியில் ராக்கு களுக்கென்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

“அது சோப்பு சரியில்லை” என்றேன்.

“எங்க தெருவுல நாலு வீட்ல நாலு சோப்பு. எல்லாச் சேலையும் இதே கலருதான். பூட்டுப் போட்டும் கண்மாய்ல எறங்குன சாயம் இன்னும் போகலம்மா.”

ராக்கு சிரிப்பதை நிறுத்திவிட்டாள். பாத்திரச் சத்தம் கொஞ்சம் கூடியது.

பிறகு அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“நேராவே கேக்குறேன். அந்த ஒப்பந்தத்துக்கு ஓட்டுப் போட்டிங்களா, இல்லையா?”

“போடலை.”

“எதுத்தாச்சும் போட்டிங்களா?”

“எதிர்த்தும் போடலை. ஓட்டெடுப்பே கிடையாது. மந்திரிசபை முடிவு பண்ணினது.”

“ஐந்நூறு பேரு உள்ள உக்காந்திருக்கீக. ஒருத்தரக்கூடக் கேக்கலியா?”

“கேட்கணும்னு விதி இல்லை.”

“சரி, கேக்க வேணாம். சொல்லவாச்சும் செஞ்சாய்ங்களா?”

“பேப்பர்ல வந்திருந்தது.”

அழகுமலை சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இருபத்தெட்டாம் தேதி கவுன்சில்ல தீர்மானத்த வாபஸ் வாங்கப் போறாய்ங்க. ‘எம்.பி. அம்மா அன்னைக்கே சம்மதிச்சது, நாங்க என்ன செய்ய’ன்னு சொல்லித்தான் வாங்கப் போறாய்ங்க. நீங்க வந்து இல்லன்னு சொல்லுங்க. பழிய உங்க தலையில போட முடியலன்னா, பூட்டத் தொறக்க அவிங்களுக்குக் கை நடுங்கும்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 16

வாசலில் உள்ள பித்தளைப் பெயர்ப்பலகையைப் புளி போட்டு விளக்கச் சொன்னேன். ‘திருமதி மனோரஞ்சிதம் குலசேகரன், முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர்.’

“இன்னைக்கு வெள்ளிக்கெழமை இல்லையேம்மா” என்றாள் ராக்கு.

விளக்கச் சொன்னேன்.

மார்ச் 20

யோசிப்பதற்கு என்ன இருக்கிறது என்று அழகுமலை நினைப்பார். செய்யாததைச் செய்யவில்லை என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் அதைச் சொன்னால் கூடவே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். செய்திருக்கவே முடியாது என்று. என்னைத் துரோகி என்பவர்கள் என்னிடம் ஏதோ அதிகாரம் இருந்ததாக நம்புகிறார்கள். வீட்டில் வந்து கல் எறிந்தாலும் எம்.பி. வீடு என்று தெரிந்துதான் எறிவார்கள்.

மாலையில் செழியன் வந்தான். கையில் தட்டச்சு செய்த ஒரு பக்கம். நான் படித்துக் கையெழுத்திட வேண்டுமாம். ‘அன்றைய சூழ்நிலையில் நாட்டின் வளர்ச்சியைக் கருதி அவ்வொப்பந்தத்தை ஆதரித்தேன். இன்று நகராட்சியின் இக்கட்டான நிலையைப் புரிந்துகொள்கிறேன்.’

“நான் ஆதரிக்கலையே.”

“எனக்குத் தெரியும் பெரியம்மா.”

“தெரிஞ்சுமா?”

“ஒரு வார்த்தைதானே. உங்க மேல யாரு கேஸ் போடப் போறா? நான் பூட்டத் தொறந்தாக வேண்டியிருக்கு. வேற வழி இல்ல. எவ மேலயாச்சும் சாத்தலன்னா அடுத்த எலெக்‌ஷன்ல எங்க வார்டுலயே எனக்கு ஓட்டு விழாது.” ‘எவ மேலயாச்சும்’ என்றதும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“நடந்ததைச் சொல்லேன். டில்லி நம்மைக் கேட்கலை, எம்.பி.யையும் கேட்கலைன்னு.”

“அதச் சொன்னா மட்டும் ஆச்சா? டில்லியையே ஆட்டி வச்ச குடும்பம்னுதான் இந்த ஊர் நமக்கு ஓட்டுப் போடுது. பெரியம்மா அங்க சும்மா உக்காந்திருந்தாங்கன்னு தெரிஞ்சா, பெரியப்பாவும் சும்மாதான் உக்காந்திருந்தாருன்னு சொல்லுவாய்ங்க. பஸ் ஸ்டாண்டுல இருந்து பேரத் தூக்கச் சொல்லுவாய்ங்க. அது வேணுமா உங்களுக்கு?”

நான் அந்தத் தாளில் ஒற்றுப் பிழைகளைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தேன். கையெழுத்துப் போடவில்லை. கூட்டத்துக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். வந்து வாயால் சொல்லப்போகிறேன் என்று நினைத்து மகிழ்ந்துபோனான். காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

தூக்கி வளர்த்த பிள்ளை. அவனுக்கும் நெருக்கடி இருக்கிறது.

மார்ச் 24

இப்போதைய உறுப்பினருக்குப் போன் செய்தேன். நான்காவது தடவை கிடைத்தார். சின்ன வயது, மரியாதை தெரிந்தவர். கலர் கம்பெனி விஷயம் அவருக்கும் தெரிந்திருக்கிறது.

“இப்பவும் புதுசா ஒப்பந்தங்கள் போட்டுக்கிட்டு இருக்காங்களே, உங்களைக் கேட்கிறாங்களா?” என்றேன்.

“எங்கம்மா கேக்குறாங்க? போன மாசம் ஒண்ணு கையெழுத்தாச்சு. செல்போன்ல செய்தி வந்துதான் எனக்கே தெரியும்.”

“எங்க காலத்தில் பேப்பர்.”

“வேகமாயிருக்கும்மா, வேகமாயிருக்கு” என்று சிரித்தார். “நிலைக்குழு அறிக்கையெல்லாம் குடுக்குது. பரிந்துரைதான். எடுத்துக்கலாம், விடலாம்.”

நீங்கள் ஒரு கேள்வி போடுங்களேன் என்றேன். பழைய கேள்வியை வரி வரியாகச் சொன்னேன், இன்னும் எனக்கு மனப்பாடம். அவர் எழுதிக்கொண்டதாகச் சொன்னார். பேனாச் சத்தம் போனில் கேட்காது. ஆகவே நம்பிக்கொள்கிறேன்.

மார்ச் 27

நாளைக்கு உடுத்த வெள்ளைப் புடவை தேடினேன். பெட்டியில் ஒன்றுகூட வெள்ளையாக இல்லை. புதுச் சோப்பில் துவைத்ததும் இல்லை. நானே என் கையால் அலசிப் பார்த்த கைக்குட்டையும் இல்லை.

ராக்குவிடம் பழைய சோப்பையே வாங்கிக்கொள்ளச் சொன்னேன். “சரிம்மா” என்றாள்.  

மார்ச் 28

இருப்பதில் அதிகம் சிவந்த புடவையாகப் பார்த்துக் கஞ்சி போட்டு உடுத்திக்கொண்டு போனேன்.

நகராட்சி மன்றத்தில் எனக்கு முன்வரிசையில் நாற்காலி. சிறப்பு அழைப்பாளராம். செழியன் எழுந்து வந்து சால்வை போர்த்தினான். பொதுமக்கள் பின்னால் நின்றார்கள். அழகுமலை கம்பத்தில் சாய்ந்துகொண்டு. ராக்கு தெருப் பெண்களோடு சன்னலுக்கு வெளியே.

செழியன் கலெக்டர் கடிதத்தை வாசித்தான். பிறகு, “இந்த ஒப்பந்தத்தோட பின்னணிய எங்க பெரியம்மா, முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர், அவங்க வாயாலயே சொல்லுவாங்க” என்று ஒலிவாங்கியை என்னிடம் நீட்டினான்.

எழுந்து நின்றேன். இந்தத் தடவை சத்தத்தை யாரும் குறைக்கவில்லை.

அந்த ஒப்பந்தத்தை நான் ஆதரிக்கவில்லை என்றேன். எதிர்க்கவும் இல்லை. எந்த உறுப்பினரும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ இல்லை, எங்களைக் கேட்கவில்லை. மந்திரிசபை முடிவு செய்தது, அதிகாரிகள் எழுதினார்கள், பேப்பரில் படித்தேன். ஒரு கேள்வி போட்டேன். தகவல் திரட்டுகிறோம் என்றார்கள். இருபத்திரண்டு வருடமாகத் திரட்டுகிறார்கள். நோட்டீஸில் உள்ள கை பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆட்டிய கை. இன்று நீங்கள் எடுக்கும் முடிவுக்கு என் பெயரைச் சொல்லாதீர்கள், நீங்களே எடுத்ததாகச் சொல்லுங்கள்.

இதைத்தான் சொன்னேன். வாக்கியங்கள் முழுமையாக இருந்தன.

 செழியன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது சன்னலுக்கு வெளியிலிருந்து ஒரு பெண் குரல். ராக்கு இல்லை, எனக்குத் தெரியாத குரல். கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரிதான் இருந்தது.

“அப்ப நீங்க அங்க என்னதாம்மா பண்ணுனீங்க?”

பின்னாலிருந்து ஒருவன், “ரயில நிப்பாட்டுனாங்க!” என்றான். சிரிப்பு கிளம்பியது. அழகுமலை, “ஏய், சும்மா இருங்கடா” என்று அதட்டினார். பிறகு அவராலேயே அடக்க முடியவில்லை. “நல்ல வேளை, தோத்தேன்” என்றார். அதற்குத்தான் பெரிய சிரிப்பு.

ராக்குவைத் தேடினேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

 முழு வாக்கியம் ஒன்றும் கிடைக்கவில்லை. உட்கார்ந்தேன்.

செழியன் தொண்டையைச் செருமிக்கொண்டான். நாடாளுமன்றத்துக்கே தெரியாமல், எம்.பி.க்கே தெரியாமல் நடந்த காரியத்தில் ஒரு சின்ன நகராட்சி என்ன செய்ய முடியும் என்று ஆரம்பித்தான். ஐந்து நிமிடத்தில் என் பேச்சை எடுத்துத் தன் பேச்சாக ஆக்கிக்கொண்டான். பழி சுமக்க ஆள் கிடைக்காவிட்டாலும் பூட்டு திறக்கும் என்பது அப்போதுதான் எனக்கும் அழகுமலைக்கும் புரிந்தது. யார் கையும் நடுங்கவில்லை.

“தீர்மானத்தை வாபஸ் பெற ஆதரவானவர்கள் கை தூக்கவும்” என்றார் நகராட்சி ஆணையர்.

இங்கே கைதான் தூக்குகிறார்கள். ஒவ்வொன்றாக எல்லாக் கைகளும் உயர்ந்தன. செழியனுடையது கடைசியாக, காதுவரைக்கும். நான் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 29

பூட்டைத் திறந்துவிட்டார்கள். ராக்கு வரவில்லை.

மார்ச் 31

ராக்கு வந்தாள். “ஊர்ல இப்ப என்ன பேசுறாங்க?” என்று நானாகவே கேட்டேன்.

“ஒண்ணும் பேசலம்மா.”

“சொல்லு.”

“‘சும்மா எம்.பி.’ வீடுன்னு பேரு வச்சிருக்காய்ங்க. சின்னப் பயலுகதான். விடுங்கம்மா.” பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டே, “திட்டுறதவிட இது தேவலதானம்மா?” என்றாள்.

தேவலை இல்லை. 

ஏப்ரல் 3

செழியன் ஆல்பத்தைக் கொடுத்தனுப்பியிருக்கிறான். நேரில் வரவில்லை.

புரட்டிப் பார்த்தேன். படிக்கட்டுப் படம் அதன் இடத்திலேயே இருக்கிறது. நான்கு மூலையிலும் நான் அந்தக் காலத்தில் ஒட்டிய காகித மூலைகள் அப்படியே, பசை விடாமல் இருக்கின்றன. அந்தப் படம் ஆல்பத்தைவிட்டு வெளியே எடுக்கப்படவே இல்லை. எந்த ஃப்ரேம் கடைக்கும் போகவில்லை, செழியன் கையிலேயேதான் இருந்திருக்கிறது.

ஆல்பத்தை பீரோவில் வைத்துப் பூட்டினேன். இதைப் பற்றி இதற்குமேல் எழுத விருப்பமில்லை.

ஏப்ரல் 5

கேன் தண்ணீர்க்காரனை வாரத்துக்கு நான்கு தடவை வரச் சொன்னேன். ராக்கு வீட்டுக்கும் ஒரு கேன் போட வேண்டும் என்றேன். “அதெல்லாம் எதுக்கும்மா” என்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

தண்ணீர்க்காரன் புது ஆள். “எம்.பி. வீடுதானம்மா?” என்று வாசலில் பெயர்ப்பலகையைப் படித்துக் கேட்டான். சிறிது நேரம் அவன் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கு வேறொன்றும் தெரிந்திருக்கவில்லை.

ஏப்ரல் 7

சன்னலுக்கு வெளியிலிருந்து கேட்ட அந்தப் பெண்ணின் குரல் போகவில்லை. அது நியாயமான கேள்வி. அவையில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் யாரிடமும் கேட்டதில்லை. அவளுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்களிடம் கேட்கிறேன்.

காலையில் குளித்து, மேசையைத் துடைத்து, எழுதினேன். பெறுநர், டில்லியில் உள்ள அமைச்சகத்தின் செயலர். அனுப்புநர் இடத்தில் ‘முன்னாள்’ என்று தொடங்கினேன். அந்தத் தாளை எடுத்துவிட்டு வேறு தாளில் ‘வாக்காளர்’ என்று எழுதினேன். ராக்கு பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வந்தாள். பிரதி கீழே.

ஐயா,

கீழ்க்கண்டவற்றை அறிய விரும்புகிறேன்:

(அ) கலர் கம்பெனி இன்று காட்டும் முதலீட்டு ஒப்பந்தத்தைச் செய்யும் முன் நாடாளுமன்றத்தின் சம்மதம் கேட்கப்பட்டதா;

(ஆ) அப்படியானால், எந்த நாளில்;

(இ) இல்லையெனில், அதற்கான காரணங்கள் யாவை;

(ஈ) இதே ஒப்பந்தம் பற்றி நெடுங்கண்மாய்த் தொகுதி உறுப்பினர் மக்களவையில் எழுப்பிய கேள்விக்குத் திரட்டப்பட்டு வருவதாகச் சொல்லப்பட்ட தகவல் திரட்டப்பட்டுவிட்டதா;

(உ) அந்த ஒப்பந்தம் கையெழுத்தான நாளில், அந்த உறுப்பினர் அவையில் தம் இருக்கையில் இருந்தார். அவர் அங்கே என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது?

இறுதிக் கேள்வியை என் ஊர்ப் பெண் ஒருத்தி என்னிடம் கேட்டாள். அவளிடம் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

தகவல் திரட்டப்பட்டு வருவதாக எழுத வேண்டாம். எழுத்து மூலம், முழு வாக்கியங்களில், எனக்குப் பதில் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.